கதவுக்குப் பின்னால் மூன்றாவது வரிசை

சுகுணா எந்த ஊர்க் குளியலறைக்குள் போனாலும் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும், வந்த வேலையை விட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பாள். அப்புறம் குனிந்து, தண்ணீர் ஓடத் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று வாட்டம் பார்ப்பாள். அதற்கும் அப்புறம் விரல் முட்டியால் நாலைந்து டைல்ஸ் கல்லைத் தட்டிக் காது கொடுப்பாள். உள்ளே கலவை நிறையாமல் ஒட்டிய கல் காலிக் குடம் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

"பெருமாளப் பாக்கலாம்னு திருப்பதிக்குக் கூட்டிக்கினு போனேன். அவர அரை நிமிசம் பாத்தா, லாட்ஜ் பாத்ரூம அரை மணி நேரம் பாத்தா," என்று அவள் புருஷன் சிவராஜ் சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ரோட்டில் இருக்கிற பள்ளத்தையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பான். தன் பெண்டாட்டிக்கு மட்டும் குளியலறைப் பள்ளங்கள் ஏன் மனப்பாடம் என்பது அவனுக்குப் புரிந்ததே இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதை இல்லை இது. சுகுணா டைல்ஸ் போடுகிறவள். ஓசூரில் மத்திகிரி, பாகலூர் ரோடு பக்கமெல்லாம் புது வீடு கட்டுகிறவர்கள், கூடத்தை யார் போட்டாலும் சரி, பாத்ரூம் மட்டும் சுகுணாக்காதான் என்று அவள் தேதிக்காகக் காத்துக்கிடப்பார்கள். கூடத்தில் கல்லை யார் வேண்டுமானாலும் பரப்பிவிடலாம். தண்ணீருக்கு வழி சொல்லிக் கொடுக்கிறவனே கெட்டிக்காரன். இது அவள் சொல்வது, நான் சொல்வதில்லை.

சரி, வாட்டம் பார்க்கட்டும், தட்டிப் பார்க்கட்டும். கதவுக்குப் பின்னால் ஏன் முதலில் பார்க்க வேண்டும்? சிவராஜ் பலமுறை கேட்டிருக்கிறான். "அங்கதான் போட்டவன் புத்தி தெரியும்," என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

அவள் அக்கா சரசம்மா சாமல்பட்டியில் வாக்கப்பட்டவள். அக்கா மகள் ரேவதிக்குச் சூளகிரி மாப்பிள்ளை. பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பழகியவர்கள். ஆகவே இரண்டு ஊருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, ஹைவே ஓரத்தில் இருக்கிற திம்மராயன் லாட்ஜையும் அதற்குக் கீழே உள்ள மண்டபத்தையும் பேசி முடித்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சுகுணா அக்காவிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

பெண் வீட்டாருக்குக் கொடுத்தது இருநூற்று மூன்றாம் எண் அறை. விடிகாலையில் எட்டுப் பெண்கள் வரிசையாகக் குளிக்க நிற்கிறார்கள். மூன்றாவது ஆள் குளித்து முடிப்பதற்குள் தண்ணீர் கதவு இடுக்கு வழியாக அறைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. முகூர்த்தப் புடவை இருந்த பை தரையில்தான் இருந்தது. சுகுணா பாய்ந்து எடுக்காமல் இருந்தால், ரேவதி ஈரப்புடவையோடு மணவறைக்குப் போயிருப்பாள்.

"யாருடி அவ, கெணத்துல எறைக்கிற மாதிரி தண்ணிய ஊத்தனது?" என்று சரசம்மா கத்தினாள்.

"ஊத்தனவங்க மேல தப்பு இல்லக்கா. தண்ணி போற ஓட்டை அந்த மூலையில இருக்குது, வாட்டத்த இந்தப் பக்கம் குடுத்து வெச்சிருக்கான். தண்ணி என்னா பண்ணும், பாவம்?" என்றாள் சுகுணா.

உள்ளே போய்ப் பார்த்தவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நூல் அளவு சந்து, இன்னோர் இடத்தில் எறும்பு குடும்பத்தோடு போகிற அளவு சந்து. குழாயைச் சுற்றிக் கல்லை வட்டமாக வெட்டச் சோம்பல்பட்டு, எலி கடித்த மாதிரி உடைத்துவிட்டு, வெள்ளை சிமெண்டை அப்பி மறைத்திருந்தார்கள். தட்டினாள். பத்துக்கு ஏழு கல் காலிக் குடம். 'இந்த மாதிரி வேலை செஞ்ச கைக்கு சோறு எப்பிடித்தான் எறங்குதோ' என்று வாய்விட்டே சொன்னாள். வெளியே காத்திருந்த மாப்பிள்ளை வீட்டு அத்தை, தன்னைத்தான் சொல்கிறாள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. ரேவதி கழுத்தில் தாலி ஏறியதும், சுகுணா அட்சதை போட்ட கையோடு படியேறி வரவேற்புக் கவுண்டருக்குப் போனாள். சண்டை போடுவதற்காக இல்லை. அடுத்து வருகிற கல்யாணக்காரர்களாவது பையைக் கட்டில்மேல் வைக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனாள்.

கவுண்டரில் பிரியதர்ஷினி இருந்தாள். லாட்ஜ்காரர் திம்மராயனின் மருமகள், சேலத்துப் பெண். மாமனாருக்கு வயதானபிறகு லாட்ஜை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு எதிரே கையில் இருநூற்றேழாம் எண் சாவியை வைத்துக்கொண்டு, டை கட்டிய ஒருவர் நின்றிருந்தார். பெயர் இளம்பரிதி. திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலைகளுக்கு மெஷின் சாமான் விற்க மாதம் இரண்டு தடவை வந்து தங்குகிறவர்.

"மத்தியானம் காலி பண்ணிருதேன் மேடம். அடுத்த மாசம் அஞ்சாந்தேதி வருவேன். எனக்கு இருநூத்தி ஏழுதான் வேணும். இப்பவே எழுதிப் போட்டுருங்க," என்றார் அவர்.

"உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கேட்டிருக்காங்க சார். எல்லா ரூமும் ஒரே மாதிரிதானே இருக்கு? ஏன் எல்லாரும் அதையே கேக்கறீங்க?"

"அது என்னமோ தெரியல மேடம். அங்க குளிச்சா வெளிய வரும்போது கால் காய்ஞ்சிருக்கும். மத்த ரூம்ல எல்லாம் மெத்த வர நனைஞ்சிருது."

இருநூற்றேழு என்ற எண் காதில் விழுந்ததும் சுகுணா கவுண்டரை நெருங்கி வந்து கேட்டாள்:

"படிக்கட்டு ஏறனதும் வலது கைப்பக்கம் கடைசி ரூமுங்களா?"

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பதில் சொல்வதற்குள், பக்கத்தில் போட்டிருந்த சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது. "நம்ம கை பட்ட ரூமாச்சே, கேக்கத்தான் செய்வாங்க!"

சுகுணா திரும்பினாள். சோபாவில் திம்மராயனும், அவருக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு முனிவேல் மேஸ்திரியும் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு வருஷத்தில் மேஸ்திரிக்குத் தொந்தி வந்திருந்தது, மீசை நரைத்திருந்தது. சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

பிரியதர்ஷினி விளக்கினாள். இருநூற்றேழைத் தவிர மற்ற எல்லா அறையிலும் குளியலறையை உடைத்து, புதிதாகப் போடப் போகிறார்களாம். முன்பு போட்டதும் முனிவேல் மேஸ்திரிதானாம். மற்ற இருபத்து மூன்றையும் அவருடைய ஆட்கள் போட்டுக் கெடுத்துவிட்டார்களாம். இருநூற்றேழை மட்டும் அவரே தன் கையால் போட்டாராம். இந்தத் தடவை எல்லாவற்றையும் அதே மாதிரி அவர் கையாலேயே போட்டுத் தருவதாகப் பேச்சு.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். முனிவேலின் புளுகு எட்டு வருஷம் ஓடியிருந்தது.

இந்த லாட்ஜ் கட்டியபோது சுகுணா அவரிடம் சித்தாள். கலவை குழைப்பாள், கல் சுமப்பாள், கடைசியில் சந்துகளில் வெள்ளை சிமெண்ட் தேய்ப்பாள். அவள் அம்மாவும் அப்படித்தான் அடுத்தவர் காட்டில் களை எடுத்தே காலத்தைத் தள்ளினாள். களை எடுக்கிறவளை விளைச்சல் யாருடையது என்று யார் கேட்கப் போகிறார்கள்? லாட்ஜ் திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மேஸ்திரியின் ஆட்கள் மத்தூர்ப் பக்கம் ஊர்த் திருவிழா என்று கிளம்பிவிட்டார்கள். ஒரே ஒரு குளியலறை பாக்கி. திம்மராயன் ஒரு பக்கம் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டுகிறார். முனிவேலுக்கு வேறோர் இடத்தில் முன்பணம் வாங்கிய வேலை. "ஏம்மா சுகுணா, பாத்துக்கினுதான இருக்கிற. எப்பிடியாவது ஒட்டித் தள்ளு," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அவள் ஒட்டித் தள்ளவில்லை. முதலில் ஒரு வாளித் தண்ணீரை வெறும் தரையில் ஊற்றி, அது எங்கே போக ஆசைப்படுகிறது என்று உட்கார்ந்து பார்த்தாள். நான்கு மூலையிலிருந்தும் ஓட்டைக்கு நூல் பிடித்தாள். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் கலவையை மூலைவரை நிரப்பினாள். மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது, அது மறுபேச்சு பேசாமல் ஓட்டைக்குள் போய் இறங்கியது. அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து அவள் அழுதாள். அழுகை என்றால் துக்க அழுகை இல்லை.

அடுத்த வாரம், தன்னையும் டைல்ஸ் போட வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். "பொம்பள டைல்ஸ் போட்டா தண்ணியே வழுக்கி உழுந்துரும்," என்று முனிவேல் சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள். அன்றைக்கே கணக்கு முடித்துக்கொண்டு ஓசூருக்குப் போனவள்தான். மத்திகிரியில் ஒரு நர்சம்மா வீட்டில் தொடங்கி, இன்றுவரை எத்தனை குளியலறை என்பது அவளுக்கே மறந்துவிட்டது. முதலாவது மட்டும் மறக்கவில்லை. இப்போது அந்த முதலாவதை ஒருவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தன்னுடையது என்கிறார். பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரன் தன் பெயர் கொடுத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"அந்த பாத்ரூம நான்தாங்க போட்டேன்," என்றாள்.

முனிவேல் அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக அவர் அவளைப் பார்த்ததில்லை அல்லவா. கண்டுகொண்டதும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அடடே, சுகுணாவா! ஐயா, இவ நம்மகிட்ட சித்தாளா இருந்தவ. கலவை கொழைச்சிக் குடுத்தா. அதச் சொல்றா. கலவை கொழைச்சவங்க எல்லாம் மேஸ்திரின்னா ஊர்ல மேஸ்திரிக்குப் பஞ்சமே இருக்காது."

திம்மராயனும் சிரித்தார். பிரியதர்ஷினி சிரிக்கவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "உங்ககிட்ட ஏதாவது ஆதாரம் இருக்காம்மா? போட்டோ, பில்லு, அந்த மாதிரி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சித்தாளுக்கு யார் பில் கொடுப்பார்கள்? அந்தக் காலத்தில் அவளிடம் இருந்த செல்போனில் பேச மட்டும்தான் முடியும்.

மண்டபத்துப் படியிலிருந்து சரசம்மா எட்டிப் பார்த்து, "பந்தி போட்டாச்சிடி, அங்க என்னாத்துக்கு நிக்கிற?" என்று கூப்பிட்டாள். "வர்றேன்கா," என்ற சுகுணா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மேஸ்திரி, அந்த பாத்ரூம் நல்ல வேலையா, கெட்ட வேலையா?"

"இன்னா கேள்வி இது! வாட்டம் பாரு, சந்து பாரு, மூலையில வெட்டு பாரு. கத்தி போட்டு வெட்டுன வெண்ண மாதிரி இருக்கும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல அந்த மாதிரி ஒண்ணு காட்டிடு, பாக்கலாம்."

தன் வேலையை அவர் வாயால் புகழக் கேட்பதில் சுகுணாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. எட்டு வருஷம் கழித்தாவது சொன்னாரே மனுஷன்.

"அதுல ஒரே ஒரு தப்பு இருக்குது. போட்டவங்களுக்குத் தெரியும். எங்கன்னு சொல்லுங்க."

"தப்பா? என் கையிலயா?" முனிவேல் எழுந்தே விட்டார். "ஒரு கல்லு, ஒரே ஒரு கல்லு தப்பா இருந்துச்சின்னா, இந்த லாட்ஜ் பக்கமே நான் தல வெச்சிப் படுக்க மாட்டேன். போதுமா?"

"போதுங்க," என்றாள் சுகுணா. பிறகு பிரியதர்ஷினியைப் பார்த்துச் சொன்னாள்: "மேடம், நான் அந்த ரூமுக்குள்ள போயி எட்டு வருசம் ஆவுது. சாவி இந்த சார் கையில இருக்குது. கதவுக்குப் பின்னால, துணி மாட்டற கொக்கிக்குக் கீழ, தரையில இருந்து மூணாவது வரிசை, மூலையில இருந்து ரெண்டாவது கல்லு. அத மட்டும் தலைகீழா ஒட்டியிருக்கிறேன்."

"அவுனா?" என்று தெலுங்கில் ஆச்சரியப்பட்டபடி திம்மராயன் கைத்தடியை எடுத்தார். வேடிக்கை என்றால் அவருக்கு மூட்டுவலி மறந்துவிடும்.

ஐந்து பேரும் மாடிக்குப் போனார்கள். இளம்பரிதி ஓடிப்போய் அறையைத் திறந்து, குளியலறைக் கொக்கியில் தொங்கிய தன் சட்டையையும் துண்டையும் வெட்கத்தோடு அள்ளிக்கொண்டார். சுகுணா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒருவேளை இடையில் யாராவது அதை மாற்றியிருந்தால்? ஒருவேளை நான்காவது வரிசையாக இருந்தால்? இத்தனை வருஷமாகக் கண்ணை மூடினால் தெரிகிற அந்தக் கல் இப்போது ஒரு நொடி மங்கலாகிப் போயிற்று.

பிரியதர்ஷினி கதவைச் சாத்தி, குனிந்து பார்த்தாள். திம்மராயன் பார்த்தார். முனிவேல் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். வெளிர் சந்தன நிறக் கல், அதே நிறத்தில் பட்டும் படாமலும் ஏதோ கோலம். வேறொன்றும் தெரியவில்லை.

"எங்கம்மா தப்பு? ஏறி இருக்குதா, எறங்கி இருக்குதா? மட்டமா இருக்குது," என்று முனிவேல் உள்ளேயிருந்து சிரித்தார்.

சுகுணா வாசலிலிருந்தபடியே சொன்னாள்: "மட்டம் சரியாத்தான் இருக்கும். கதிரப் பாருங்க. கல்லுல கேவுரு கதிர் மாதிரி ஒரு படம் இருக்கும். எல்லாக் கதிரும் மேல பாத்து நிக்கும். அது ஒண்ணு மட்டும் கீழ பாத்துத் தொங்கும்."

பிரியதர்ஷினி செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள். இளம்பரிதிதான் முதலில் கண்டுபிடித்தார்.

"ஏயப்பா! ஆமா மேடம், தலகீழாத்தான் நிக்கி! நான் எத்தன வருசமா இங்க குளிக்கேன், ஒரு நாளும் பாக்கலியே!"

"சட்டைய மாட்டி மறைச்சிருப்பீங்க சார்," என்றாள் பிரியதர்ஷினி. வரிசையை எண்ணினாள். தரையிலிருந்து மூன்று. மூலையிலிருந்து இரண்டு. மறுபடியும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் முனிவேலைப் பார்த்த பார்வையை நான் எழுத வேண்டியதில்லை.

சுகுணா இப்போதுதான் உள்ளே வந்தாள். அந்தக் கல்லின்மேல் கை வைத்தாள்.

"அன்னிக்கி கரண்ட் போயிடுச்சி. ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலயும் எந்தப் பக்கம் மேலன்னு காட்டற அம்புக்குறி இருக்கும். விரலால தடவித் தடவித்தான் ஒட்டனேன். இது ஒண்ணு தப்பிடுச்சி. மறுநா வெளிச்சத்துல பாத்ததும் உங்ககிட்ட ஓடி வந்தேன் மேஸ்திரி. ஒரு கல்ல மட்டும் ஒடைச்சிட்டு மாத்திக்கறேன், அரை நாள் குடுங்கன்னு கேட்டேன். 'கதவுக்குப் பின்னால எவன் பாக்கப் போறான், சட்ட மாட்டிக்குவான், போ'ன்னு சொன்னீங்க."

அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க போட்டிருந்தா மறந்திருக்க மாட்டீங்க."

முனிவேலின் சிரிப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. ஏதாவது சொல்லித் தப்பிக்கத்தான் பார்த்தார். ஆனால் கல்லைப் பார்க்கப் பார்க்க அந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது போலும். எவ்வளவு புளுகினாலும் அவரும் கலவைக் கரணை பிடித்த கைதான்.

"சொன்ன," என்றார் கடைசியில். "ஆமா. வந்து சொன்ன."

அந்த நேரம் பார்த்து, பெண்டாட்டியைச் சாப்பிடக் கூப்பிட வந்த சிவராஜ் அறை வாசலில் நின்று முழித்தான். பிரியதர்ஷினி அவனுக்கு நடந்ததைச் சொன்னாள். அவன் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், சுகுணாவைப் பார்த்தான். திருப்பதி லாட்ஜும், மைசூர் லாட்ஜும், ஆஸ்பத்திரிக் கழிவறையும், சொந்தக்காரர் வீடுகளும், அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்த அத்தனை சுவரும் அவனுக்கு வரிசையாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இதுக்குத்தானா, சுகுணா?" என்றான்.

திம்மராயன் கைத்தடியால் தரையைத் தட்டினார். "சரி. பேச்ச முடிச்சிடலாம். அம்மா சுகுணா, இருவத்தி மூணு பாத்ரூமும் நீதான் போடற. ஒம் பேருல வேலை. மேஸ்திரி, நீ தலை வெச்சிப் படுக்க மாட்டேன்னு சொன்ன. அது ஒன் இஷ்டம். இருக்கணும்னா இந்தப் பொண்ணு சொல்றபடி வேல செய். இல்லாட்டி பஸ்ஸு கீழதான் நிக்குது."

முனிவேல் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். ஆனால் போகவில்லை.

"போடறேங்க ஐயா," என்றாள் சுகுணா. "ஆனா மொதல்ல இந்தக் கல்ல மாத்திடறேன். இந்த டைல்ஸ் மிச்சம் ஏதாவது இருக்குதுங்களா?"

திம்மராயன் ஒரு வளைந்த ஆணியைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன். ஜெனரேட்டர் அறையில் பழைய பெட்டி ஒன்று பத்திரமாக இருந்தது.

பிரியதர்ஷினிதான் தடுத்தாள். "அக்கா, வேணாம்க்கா. அது அப்படியே இருக்கட்டும். அதை எடுத்துட்டா நீங்க போட்டதுங்கறதுக்கு என்ன சாட்சி?" அம்மா என்று கூப்பிட்டவள் அக்காவுக்கு மாறியதை அவளே கவனிக்கவில்லை.

"சாட்சிக்குக் கல்லு எதுக்குங்க? தண்ணி ஊத்திப் பாருங்க," என்றாள் சுகுணா.

திம்மராயன் ஒரு வாளித் தண்ணீரைத் தன் கையாலேயே தரையில் கவிழ்த்தார். ஆறு பேரும் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தார்கள். தண்ணீர் சுவரோரம் போய் முட்டி, திரும்பி, நான்கு பக்கத்திலிருந்தும் ஒன்றாகக் கூடி, ஓட்டைக்குள் இறங்கிப் போயிற்று. வாசல் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இளம்பரிதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து, ஈரமில்லாத உள்ளங்காலைக் காட்டினார். சிவராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரிடம், "என் சம்சாரங்க," என்றான். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் சொல்ல வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் சிவராஜ் வண்டியில் ஓசூர் போய் அவள் கருவிப் பையை எடுத்து வந்தான். சரசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரெல்லாம் பொண்ணு மாப்பிள்ளைகூட போட்டோ எடுத்துக்கினு நிக்கிது, இவ கக்கூசுல போயி குந்திக்கினா!" ரேவதியோ மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு மேலே வந்து, சித்தியோடு அந்தக் குளியலறையில்தான் போட்டோ எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று எடுத்துக்கொண்டாள்.

எல்லோரும் போனபிறகு சுகுணா பட்டுப்புடவையை இழுத்துச் செருகி, சிவராஜின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் கற்களுக்குக் கீறல் படாமல் சந்தைச் சுரண்டி, உளியை நடுவில் வைத்துத் தட்டினாள். கல் லேசில் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் மூலை முடுக்கெல்லாம் கலவை நிரப்பியவள் அவளேதான். இப்போது அந்தக் கலவையோடு அவளே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. துண்டு துண்டாகப் பெயர்த்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. சிரித்துக்கொண்டே பெயர்த்தாள்.

குழியைச் சுத்தம் செய்து, பசை தடவி, புதுக் கல்லுக்காகப் பின்பக்கம் கையை நீட்டினாள். சிவராஜ்தான் நிற்கிறான் என்று நினைத்தாள்.

நின்றது முனிவேல். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து, பின்புறத்துத் தூசியைத் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பி அம்புக்குறியைத் தேடினார். கண்டுபிடித்து, அதன்மேல் கட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு மேல் பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் ஏந்தி, சித்தாள் மேஸ்திரிக்குக் கொடுப்பது போலவே அவளிடம் கொடுத்தார்.

சுகுணா வாங்கி ஒட்டினாள்.